ஜெர்மனியும் அக்கம்பக்கமும்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிற நம்மவர்கள், முதல் நீண்ட விடுமுறை வந்ததும் ரயிலேறி ஏதாவதொரு பக்கத்து நாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆகன் நகரத்தில் இருந்தால் காலையில் நெதர்லாந்து, மத்தியானம் பெல்ஜியம், ராத்திரி வீடு. எப்போதாவது போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பதைத் தவிர எல்லை என்று ஒன்று கண்ணில் படுவதில்லை. பல இடங்களில் அதே யூரோ, அதே சூப்பர்மார்க்கெட், ஏறக்குறைய அதே மாதிரி வீடுகள், அதனால் இதெல்லாம் கொஞ்சம் வேறு மாதிரி ஜெர்மனிதான் என்று மனசுக்குள் ஒரு முடிவு விழுந்துவிடுகிறது. மற்ற தவறுகள் எல்லாம் இந்த முடிவிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஜெர்மனியைச் சுற்றி ஒன்பது நாடுகள்: டென்மார்க், போலந்து, செக், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், லக்சம்பர்க், பெல்ஜியம், நெதர்லாந்து. சாப்பாடு, திருவிழா, பேச்சு வழக்கு எல்லாம் இந்த எல்லைகளைச் சட்டை செய்யாமல் அங்கும் இங்கும் பரவிக் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஜெர்மனியோடு ஒரு தனிப் பழைய கணக்கு இருக்கிறது. வியன்னாவில் சிரித்துவிட்டுப் போகிற பேச்சு லக்சம்பர்கில் மேசையையே மௌனமாக்கிவிடும். யாருக்கு எது எப்போது நடந்தது என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டு வாயைத் திறப்பது நல்லது.

முதலில் எல்லோரும் செய்வது, ஜெர்மன் பேசுகிறவர்கள் எல்லோரையும் ஜெர்மானியர் கணக்கில் சேர்ப்பது. இதில் அதிகம் அடிபடுவது ஆஸ்திரியர்கள். 1866 வரை ஜெர்மன் நாடுகளின் கூட்டமைப்புக்குத் தலைமை வகித்ததே ஆஸ்திரியாதான். அந்த வருடம் கோனிக்கிராட்ஸ் போரில் வடக்கே இருந்த ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் தோற்றது, அப்புறம் 1871-ல் பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் ஜெர்மன் பேரரசை அமைத்தபோது ஆஸ்திரியாவை வெளியே விட்டுவிட்டுத்தான் அமைத்தார். முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசு உடைந்ததும் மிச்சமிருந்த சின்ன ஆஸ்திரியா தானே போய் ஜெர்மனியோடு சேரப் பார்த்தது, 1919 ஒப்பந்தத்தில் வென்ற நாடுகள் அதைத் தடுத்தன. 1938-ல் ஹிட்லர் உள்ளே வந்தபோது வியன்னாவின் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தின் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. 1945-க்குப் பிறகுதான் ‘நாங்கள் ஜெர்மானியர் இல்லை’ என்பது அங்கே ஊரறிந்த உறுதியான எண்ணமாக ஊன்றியது. அதோடு சேர்ந்து ‘நாங்கள் ஹிட்லரின் முதல் பலி’ என்கிற ஒரு சௌகரியமான கதையும் ஊன்றியது. தங்கள் மக்களுக்கும் அந்தக் குற்றங்களில் பங்கு உண்டு என்று ஆஸ்திரியப் பிரதமர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னது 1991-ல்தான்.

இவ்வளவும் தெரியாமல் சிலர், ‘பீத்தோவனை ஆஸ்திரியர் ஆக்கி, ஹிட்லரை ஜெர்மானியர் ஆக்கிவிட்டீர்களே’ என்கிற பழைய ஜோக்கை எடுத்து விடுகிறார்கள். பீத்தோவன் பிறந்தது பான் நகரத்தில், ஹிட்லர் பிறந்தது ஆஸ்திரியாவின் பிரவுனாவில், ஆக ஜோக்கில் தகவல் பிழை இல்லை. ஆனால் அது ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் ஒருவரையொருவர் சீண்ட வைத்திருக்கிற ஜோக். வெளியாள் முதல் சந்திப்பிலேயே அதைச் சொன்னால் பல்லைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மோட்சார்ட் எந்த நாட்டுக்காரர் என்று பந்தயம் கட்டுவதும் இதே ரகம். அவர் 1756-ல் பிறந்தபோது சால்ஸ்பர்க் ஒரு பேராயர் ஆண்ட தனி நாடு, இன்றைய ஆஸ்திரியாவிலும் இல்லை, இன்றைய ஜெர்மனியிலும் இல்லை. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்களுக்கு பாஸ்போர்ட் கொடுப்பதை நிறுத்தினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சுவிஸ் விஷயம் வேறு. அவர்கள் 1648-லேயே, ஜெர்மன் நாடுகளைச் சேர்த்து வைத்திருந்த புனித ரோமானியப் பேரரசிலிருந்து முறைப்படி விலகியவர்கள். ‘ஜெர்மனியோடு ஏன் சேரவில்லை’ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எழுதுவது பொது ஜெர்மன், வாயில் வருவது அந்தந்த மாநிலத்து வழக்கு, அதுவும் வீட்டில் மட்டுமல்ல, அலுவலகத்தில், வங்கியில், ரேடியோவில். பெர்லினில் ஜெர்மன் படித்துவிட்டு சூரிச்சுக்குப் போய், ‘இவர்கள் கொச்சையாகப் பேசுகிறார்கள்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே அது படித்தவர், படிக்காதவர் எல்லோரும் பேசுகிற பேச்சு. சுவிஸில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பேசுவதும் அதுதான், பெர்னில் வளர்ந்தவருக்கு பெர்ன் வழக்கு, பாசலில் வளர்ந்தவருக்கு பாசல் வழக்கு. நீங்கள் பொது ஜெர்மனிலேயே பேசுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரைகுறையாக அவர்களைப் போலப் பேசிக் காட்டுவதுதான் கிண்டல் செய்கிற மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, ஜெர்மனியில் கடைக்காரரிடம் ‘எனக்கு ஒரு பீர்’ என்று வெட்டென்று கேட்பது சகஜம். சுவிஸில் வணக்கம் சொல்லி, ‘கிடைக்குமா’ என்று இழுத்துக் கேட்பதுதான் மரியாதை. ஜெர்மானியர்களையே சுவிஸ்காரர்கள் இந்த விஷயத்தில்தான் அதிகம் முணுமுணுப்பார்கள்.

இப்போது லக்சம்பர்க். சின்ன நாடுதானே என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம், ஆனால் இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவர்கள் பேசும் லக்சம்பர்கிஷ் மொழியைக் காதில் வாங்கினால் மேற்கு ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை வழக்கு மாதிரியே இருக்கும். உடனே, ‘இது ஜெர்மனின் ஒரு கிளை வழக்குதானே’ என்று கேட்கத் தோன்றும். மொழியியல் வகுப்பில் அதை விவாதிக்கலாம், லக்சம்பர்க்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேண்டாம். 1941 அக்டோபரில் ஆக்கிரமிப்பு ஜெர்மன் நிர்வாகம் அங்கே ஒரு கணக்கெடுப்பு வைத்தது. தாய்மொழி என்ன, குடியுரிமை என்ன, இனம் என்ன என்று மூன்று கேள்விகள். லக்சம்பர்கிஷ் என்பது வெறும் வழக்கு, அதை மொழியாக எழுதக் கூடாது என்று முன்கூட்டியே அறிவுறுத்தலும் கொடுத்தார்கள். ஜனங்கள் ஜெர்மன் என்று எழுதிவிட்டால், இவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று நாட்டை ஜெர்மனிக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எதிர்ப்பு இயக்கத்தார் ரகசியமாகத் துண்டறிக்கை விட்டார்கள், மூன்று கேள்விக்கும் லக்சம்பர்க் என்றே எழுதுங்கள் என்று. மாதிரிக்குப் பார்த்த படிவங்களிலேயே மிகப் பெரும்பாலானோர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், கணக்கெடுப்பையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்துக்குக் கட்டாயமாக இழுத்தபோது நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது, அதற்காக 21 பேரைக் கொன்றார்கள். 1984-ல் சட்டம் போட்டு லக்சம்பர்கிஷைத் தேசிய மொழி ஆக்கினார்கள். இந்தக் கதை தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

இதற்குப் பக்கத்திலேயே, பிரான்ஸின் கிழக்கு எல்லையில் அல்சாஸ். ஸ்ட்ராஸ்பர்க், கோல்மார் போய் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகளையும் சவுக்ரூட் என்கிற புளித்த முட்டைக்கோஸையும் பார்த்துவிட்டு, ‘இது பாதி ஜெர்மனி’ என்று படத்தோடு எழுதிப் போடுவது நம்மவர்களுக்கு வாடிக்கை. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை. 1871-ல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, 1918-ல் பிரான்ஸ் திரும்ப வாங்கியது, 1940-ல் மறுபடி ஜெர்மனி, போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். ஊரை விட்டு நகராமலே ஒரு பாட்டி நான்கு தடவை நாடு மாறியிருப்பார். 1942-லிருந்து அல்சாஸிலிருந்தும் அதையொட்டிய பிரெஞ்சு மோசல் பகுதியிலிருந்தும் சுமார் 1,30,000 ஆண்களை அவர்கள் விருப்பம் கேட்காமல் ஜெர்மன் ராணுவத்தில் சேர்த்தார்கள். பெரும்பாலோரை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள், பல ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களை மிச்ச பிரான்ஸ் சந்தேகமாகவும் பார்த்தது. போருக்குப் பின் பள்ளியில் அல்சேஷியன் என்கிற உள்ளூர் ஜெர்மன் வழக்கைப் பேசினால் பிள்ளைகளுக்குத் தண்டனை, பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று சுவரொட்டி. அந்தத் தலைமுறை தன் வீட்டுப் பேச்சைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலே விட்டுவிட்டது. இப்போது புரிகிறதா, ‘நீங்கள் பாதி ஜெர்மன்’ என்பது ஏன் பாராட்டாகக் காதில் விழுவதில்லை என்று?

அதே சமயம் அல்சாஸ்காரர்கள் ஜெர்மன் காலத்தில் கிடைத்த சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். 1905-ல் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் போட்டபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது, அதனால் அந்தச் சட்டம் இன்றுவரை அங்கே செல்லாது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் குருமார்களுக்கும் யூத ரபிகளுக்கும் பிரெஞ்சு அரசே சம்பளம் கொடுக்கிறது. பிஸ்மார்க் காலத்து நோய்க் காப்பீட்டிலிருந்து வந்த தனி மருத்துவக் காப்பீடு இன்னும் நடக்கிறது, மிச்ச பிரான்ஸில் இல்லாத இரண்டு விடுமுறையும் உண்டு, புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம். ரயிலைக் கவனியுங்கள்: பிரான்ஸ் முழுக்க இரட்டைப் பாதையில் ரயில்கள் இடப்பக்கம் ஓடும், இங்கே ஜெர்மனி மாதிரி வலப்பக்கம். பழைய எல்லை இருந்த இடங்களில் ஒரு பாதை இன்னொன்றின் மேல் ஏறிக் குதித்துப் பக்கம் மாறுகிறது. இதையெல்லாம் கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள், நீங்களும் ஒரு காபி கூடக் குடிக்கலாம்.

பிரான்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டால் தவறு எதிர்ப்பக்கம் போகிறது. இன்னும் பரம எதிரிகள் என்று நினைப்பவர்கள் ஒருபுறம், ஐரோப்பாவை இருவரும் ஒரே மனதாக ஆள்கிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒருபுறம். இரண்டும் சரியில்லை. 1963-ல் பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மன் பிரதமர் அடனாவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அன்றிலிருந்து இளைஞர் பரிமாற்றமும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டை நகர ஏற்பாடுகளும், இரண்டு நாடும் சேர்ந்து நடத்தும் ஆர்ட்டே டிவியும் வந்திருக்கின்றன. ஆனால் பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு உலையிலிருந்து வருகிறது, ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரல் 15-ல் மூடிவிட்டது. இதைப் பற்றி இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தால் ராத்திரி தூக்கம் கிடையாது.

கிழக்கே போகும்போது வாயில் பூட்டே போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஆஷ்விட்ஸைப் பற்றிப் பேசும்போது ‘போலந்து வதை முகாம்’ என்று சொல்லாதீர்கள், எழுதாதீர்கள். இடம் போலந்தில் இருக்கிறது என்பதால் நம் பத்திரிகைகளிலும் இப்படி வந்துவிடுகிறது. அந்த முகாம்களைக் கட்டி நடத்தியது போலந்தை ஆக்கிரமித்திருந்த நாஜி ஜெர்மனி. 2012-ல் ஒபாமா இப்படி ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் பின்னர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. யுனெஸ்கோ பட்டியலில்கூட 2007-ல் பெயரை மாற்றி, ஜெர்மன் நாஜி முகாம் என்று தெளிவாக எழுதினார்கள்.

போலந்தின் விரோட்சுவாஃப், க்டான்ஸ்க் போன்ற ஊர்களில் நின்றுகொண்டு, ‘இது உண்மையில் ஜெர்மன் ஊர், பழைய பெயர் பிரெஸ்லாவ், டான்சிக்’ என்று விளக்குவதும் வேண்டாம். வரலாற்றுப் பேச்சில் பழைய பெயர் வரலாம், யாரும் கடித்துவிட மாட்டார்கள். ‘உண்மையில்’ என்கிற அந்தச் சொல்தான் வில்லங்கம். போரின் கடைசி மாதங்களிலும் அதற்குப் பின்னும் கிழக்குப் பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் ஓடியோ விரட்டப்பட்டோ மேற்கே வந்தார்கள், அந்த வேதனை ஜெர்மன் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அவர்கள் விட்டுப்போன வீடுகளில் குடியேறிய போலந்துக்காரர்களிலும் பலர் சோவியத் எடுத்துக்கொண்ட லிவிவ் (இன்றைய உக்ரைன்) போன்ற ஊர்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள்தான். லிவிவ் நகரத்து ஓசோலினியம் நூலகமும், ரஷ்யப் படையைப் போலந்துக்காரர்கள் வென்ற ராட்சுவாவிட்சே போரைக் காட்டும் பிரம்மாண்ட வட்ட ஓவியமும் இன்று விரோட்சுவாஃபில் இருக்கின்றன. 1965-ல் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு, ‘மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம்’ என்று கடிதம் எழுதினார்கள், அதற்காகச் சொந்த நாட்டு கம்யூனிஸ்ட் அரசிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஐந்து வருடம் கழித்து மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிரான்ட் வார்சாவில் யூத எழுச்சி நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டார். மேற்கு ஜெர்மானியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்று அது மிகையாகப் பட்டது.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை: பிராங்க்ஃபர்ட் இரண்டு உண்டு. விமான நிலையம் இருப்பது மைன் ஆற்றங்கரையில். ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது போலந்து எல்லையில், பாலத்தில் நடந்தால் அந்தப் பக்கம் சுவுபிட்சே. டிக்கெட் போடும்போது பார்த்துப் போடுங்கள்.

செக் நாட்டில் நம்மவர்கள் விழுவது காஃப்கா விஷயத்தில். பிராகில் பிறந்து ஜெர்மனில் எழுதியவர், அதனால் ‘ஜெர்மன் எழுத்தாளர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் வாழ்ந்த பிராக் யூதர். 1924-ல் அவர் இறந்துபோனார், அவருடைய மூன்று தங்கைகளையும் நாஜிகள் கொன்றார்கள். பிராக் எழுத்தாளர் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. பீர் விஷயத்தில் இவ்வளவு கவனம் தேவையில்லை, ஆனால் ‘பில்ஸ் என்கிற பீர் வகை ஜெர்மன் கண்டுபிடிப்பு’ என்று அடித்துப் பேசாதீர்கள். 1842-ல் பில்சன் ஊரில் அதை முதலில் வடித்தவர் யோசஃப் குரோல், பவேரியாவின் ஃபில்ஸ்ஹோஃபன் ஊர்க்காரர். தண்ணீரும் ஹாப்ஸும் செக் நாட்டின் பொஹீமியா, கை பவேரியா.

பவேரியா என்றதும் நினைவுக்கு வருகிறது, தோல் கால்சட்டையும் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவும்தான் ஜெர்மனி என்று நினைப்பதும் தவறுதான், ஆனால் இதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். பழக்கவழக்கத்தில் மியூனிக்காரருக்கு ஹாம்பர்க்கைவிட சால்ஸ்பர்க் நெருக்கம், ஃப்ரைபர்க்காரருக்கு பெர்லினைவிட பாசல் நெருக்கம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கொலோனில் போய் அந்தத் தோல் கால்சட்டை எங்கே என்று கேட்டால் பிப்ரவரியில் கார்னிவலுக்கு வா என்பார்கள்.

நெதர்லாந்தில் கடைக்குள் நுழைந்ததும் ஜெர்மனில் பேச்சைத் தொடங்கி, ‘இரண்டும் ஒரே மாதிரிதானே, புரியும்’ என்று நினைக்காதீர்கள். புரியும், அது வேறு விஷயம். ஆங்கிலத்தில் தொடங்குங்கள், இல்லையென்றால் ஜெர்மனில் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். 1940 மே 14-ல் ராட்டர்டாமைக் குண்டு போட்டு எரித்ததும், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் சுமார் 20,000 பேர் செத்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆக்கிரமிப்புப் படைகள் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டு போனதால் ‘என் சைக்கிளைத் திருப்பிக் கொடு’ என்பது பல வருடங்கள் கால்பந்து மைதானத்துக் கிண்டல். 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றது, 1988 ஐரோப்பியக் கோப்பையில் ஹாம்பர்க்கில் அதே 2-1 கணக்கில் பழி தீர்த்தது, இதெல்லாம் பேசலாம், சந்தோஷமாகப் பேசுவார்கள். ஆனால் இன்னும் இருவரும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினால் அது பழைய செய்தி. டச்சு தரைப்படையின் மூன்று போர்ப் பிரிகேடுகளும் இன்று ஜெர்மன் டிவிஷன்களோடு இணைந்து இயங்குகின்றன.

பெல்ஜியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு, டச்சு இரண்டுதான் அங்கே மொழி என்று சொல்லாதிருந்தால் போதும். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து வாங்கிய ஆய்ப்பன் பகுதியில் ஜெர்மன் பேசுகிறார்கள், தனி நாடாளுமன்றம்கூட உண்டு, கேட்டால் அசல் பெல்ஜியர் என்பார்கள்.

எந்த நாட்டில் இருந்தாலும் கூடாதது ஒன்று. ஜெர்மன் தேசிய கீதம் என்று நினைத்து அந்தப் பழைய முதல் சரணத்தை விளையாட்டாகப் பாடுவது. இன்று தேசிய கீதம் மூன்றாவது சரணம் மட்டும்தான். 1841-ல் ஹெல்கோலாந்து தீவில், அதுவும் பிரிட்டன் கையில் இருந்த காலத்தில், எழுதப்பட்ட அந்த முதல் சரணத்தில் ஜெர்மனியின் எல்லைகள் என்று மாஸ், மேமல், எட்ஷ் என மூன்று ஆறுகளும் பெல்ட் என்ற நீரிணையும் வருகின்றன. நான்கில் ஒன்றுகூட இன்றைய ஜெர்மனிக்குள் இல்லை. அக்கம்பக்கத்தாருக்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெட்டோ, ஹைடன் 1797-ல் வியன்னாவில் ஆண்ட புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸுக்காகப் போட்டது.

கடைசியாக டென்மார்க். மற்ற எல்லைகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் புண் இருக்கும் என்று பயந்து பேச வேண்டியதில்லை. 1864-ல் பெரிய போர் நடந்தது உண்மைதான், ஆனால் 1920-ல் ஷ்லெஸ்விக் மக்களிடம் ஓட்டு வாங்கி எல்லை போட்டார்கள், 1955-ல் இரண்டு நாடுகளும் தத்தம் சிறுபான்மையினருக்கு உரிமை உறுதி சொல்லி அறிக்கைகள் வெளியிட்டன. ஜெர்மனியில் இருக்கும் சுமார் 50,000 டேனியர்களுக்குச் சொந்தப் பள்ளிகள் உண்டு, இடம் பிடிக்க ஐந்து சதவீத ஓட்டாவது வேண்டும் என்கிற வரம்பும் அவர்கள் கட்சிக்குக் கிடையாது, 2021-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கே ஓர் உறுப்பினரை அனுப்பினார்கள். டேனிஷ், ஜெர்மன் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதற்கு நம் தரங்கம்பாடியே சாட்சி. கோட்டை டென்மார்க்குடையது, 1706-ல் அங்கே வந்து இறங்கிய மதபோதகர் சீகன்பால்கை அனுப்பியவர் டேனிஷ் அரசர் நான்காம் ஃபிரெடெரிக், ஆனால் சீகன்பால்க் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர், அவருடைய மிஷனுக்கு முதலில் வந்த தமிழ் அச்செழுத்துகளை வார்த்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில். அந்த மிஷனைச் சிலர் டேனிஷ் மிஷன் என்றும் சிலர் ஜெர்மன் மிஷன் என்றும் எழுதுகிறார்கள். டேனிஷ்-ஹாலே மிஷன் என்று எழுதுவதுதான் சரி.